விதை முளைக்கிற பாடம்: எல்லாப் பிள்ளைங்களும் அவங்க கையாலயே செய்யுற மாதிரி எப்படி மாத்துறது?

கீரைப்பாத்தி:
வணக்கம். அரசு தொடக்கப்பள்ளியில மூணாம் வகுப்பு பாக்குறேன், திண்டுக்கல் பக்கம். அடுத்த வாரம் செடி பாடம் ஆரம்பிக்கணும். வழக்கமா கண்ணாடி டம்ளர்ல ஈரப் பஞ்சு வச்சு நாலு பயறு போட்டு ஜன்னல்ல வைப்போம், தினமும் எட்டிப் பாப்பாங்க, நோட்டுல படம் வரைவாங்க, முடிஞ்சுது. இந்த வருஷம் ஒரு பையனுக்கு பார்வை இல்ல, வெளிச்சம் இருட்டு மட்டும் தெரியும். ஒரு பொண்ணுக்கு மூளை முடக்குவாதம், வீல் சேர்ல வருவா, வலது கையில பெரிய பொருள்னா புடிப்பா, பயறு மாதிரி சின்னதா இருந்தா விரலுக்குள்ள நிக்காது. இன்னொரு பையன் ஆட்டிசம், ஈரமா பிசுபிசுன்னு இருக்குற எதையும் தொட மாட்டான், தெரியாம பட்டுட்டா அவன சமாதானப்படுத்தவே ஒரு பீரியட் போயிரும். இவங்க தவிர முப்பது பேர் கிட்ட இருக்காங்க. சிறப்பாசிரியர் வாரத்துல ஒரு நாள் வருவாங்க, அவங்களுக்கும் பல ஸ்கூல், அவங்கள ஒண்ணும் சொல்ல முடியாது. இந்த மூணு பேரும் மத்தவங்க செய்யுறத உக்காந்து பாத்துட்டு இருக்கக் கூடாது, அதுதான் என் கவலை. காசு அதிகம் ஆகாத ஐடியா சொல்லுங்களேன்.

நாப்பது_பிள்ளைங்க:
டீச்சர் தப்பா நினைக்காதீங்க, நானும் இதே வேலைதான் பாக்குறேன். ஒரு ஆளா நின்னுக்கிட்டு மூணு பேருக்கு மூணு விதமா, மிச்சப் பேருக்கு ஒரு விதமா பண்ணணும்னா பாடம் எப்ப முடிக்கிறது, எமிஸ்ல (கல்வித்துறையோட ஆன்லைன் பதிவு) எப்ப ஏத்துறது. அந்த மூணு பேருக்கும் தனியா ஒரு கலரிங் ஷீட்டோ ப்ளாஸ்டிக் பூச்செடியோ குடுத்துட்டு, சிறப்பாசிரியர் வர்ற அன்னைக்கு அவங்கள வச்சு செடி வேலை பண்ணிரலாம். நடைமுறையில இதுதான் சரிப்படும்.

சிறப்பாசிரியர்_தெக்கு:
பார்வை இல்லாத பையனுக்கு கலரிங் ஷீட்டா சார்? 🙂 கோவிச்சுக்காதீங்க, உங்க கஷ்டம் புரியுது. 2022ல எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தப்பவும் ஒரே வகுப்புல பிள்ளைங்கள கற்றல் நிலைப்படி அரும்பு மொட்டு மலர்னு பிரிச்சு எப்படி நடத்துறதுன்னு இதே கேள்விதான் கேட்டோம், இப்ப ஓட்டிக்கிட்டுதான இருக்கோம்.

ஆனா நான் சொல்ல வர்றது மூணு பேருக்கு மூணு பாடம் இல்ல. பாடம் ஒண்ணுதான், முப்பது பேருக்கும் சேத்தே அத மாத்துறோம். டம்ளர் சோதனைய எடுத்துக்கோங்க. விதை முளைச்சதுக்கு அங்க என்ன சாட்சி? கண்ணாடி வழியா வேர் தெரியுது. கண்ணு மட்டும்தான். கண்ணு இல்லன்னா அந்தப் பிள்ளைக்கு சோதனையே நடக்கல, டீச்சர் சொன்ன கதைய கேட்டுக்கிட்டான், அவ்ளோதான். அதனால எந்தச் செயல்பாடா இருந்தாலும் நான் முதல்ல பாக்குறது, இதுல விஷயம் எதுல தெரியுது, கண்ணுலயா கையிலயா மூக்குலயா காதுலயா, அது அந்தப் பிள்ளைகிட்ட வேற யாரும் எடுத்துச் சொல்லாம நேரா போய்ச் சேருமா. இது புடிபட்டுட்டா மிச்சம் எல்லாம் சாமான் தேடுற வேலைதான்.

டம்ளருக்கு பதிலா பழைய வேட்டித் துணி. மொச்சை இல்ல தட்டைப்பயறு, ராத்திரி பூரா ஊறப்போட்டு ஈரத்துணியில பரப்பிச் சுருட்டி வச்சிருங்க. பத்துக்குப் பதில் நாப்பது அம்பது விதையா போடுங்க, ஏன்னா தினமும் நாலஞ்சு விதைய எடுத்துத் தடவிப் பாக்கப் போறோம், தடவுன வேர் முனை நசுங்கிரும், அது போனாப் போகட்டும். ஊறாத கல்லு மாதிரி மொச்சை ஒண்ணையும் ஊறுனது ஒண்ணையும் ரெண்டு கையில குடுங்க. தோல உரிச்சா ரெண்டு பருப்பா பிரியும், ஓரத்துல குட்டியா முளை இருக்கும், நகத்தாலயே கண்டுபிடிச்சிருவாங்க. கண்ணு தெரியுற பசங்களும் இத இதுவரைக்கும் பாத்திருக்க மாட்டாங்க, டம்ளர்ல வெளியில இருந்து எட்டித்தான பாத்தாங்க.

ஒரு விஷயம், பையன் கைய நீங்க புடிச்சு இழுத்து விதை மேல வைக்காதீங்க. உங்க கை கீழ இருக்கட்டும், அவன் கை உங்க கை மேல இருக்கட்டும், நீங்க தொடுறத அவன் உணர்ந்துட்டு அவனாவே இறங்கி வருவான். பிடிக்கலன்னா கைய எடுத்துக்குற உரிமை அவன்கிட்டயே இருக்கும்.

கீரைப்பாத்தி:
அம்பது விதை ஐடியா சூப்பர் மேடம். வளர்ச்சிய குறிக்கிறதுக்கு என்ன பண்றது? அளவுகோல் வச்சு அளந்து எழுதுன்னா பாதிப் பேருக்கு அதுவே கஷ்டமா இருக்கு.

சிறப்பாசிரியர்_தெக்கு:
சணல் கயிறு. முளைச்சதுல நாலஞ்ச தொட்டியில நட்டுருங்க. செடி பக்கத்துல கயித்த நிறுத்தி, செடி உயரத்துக்கு கத்தரிச்சு, பெரிய அட்டையில அன்னைக்குத் தேதிக்கு நேரா கீழ்க்கோட்டுல இருந்து ஒட்டிருங்க. அடுத்த நாள் அடுத்த கயிறு. பக்கத்துப் பக்கத்துல படிக்கட்டு மாதிரி ஏறும். விரல ஓட்டுனா என்னைக்கு வேகமா வளந்துச்சு என்னைக்கு அப்படியே நின்னுச்சுன்னு தெரிஞ்சுரும். அதுதான் வரைபடம், தனியா வேற வேணாம். எண்ணு தெரிஞ்ச பிள்ளை கயித்த அளந்து பக்கத்துல எழுதட்டும்.

இன்னொன்னு, 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துல இருக்குற 21 வகைக் குறைபாட்டுல கற்றல் குறைபாடும் வருது. உங்க "மத்த முப்பது பேர்"லயே எழுத்து வராம திணர்ற பிள்ளைங்க கண்டிப்பா இருப்பாங்க, சர்டிபிகேட் இருக்காது, நமக்கும் தெரிஞ்சிருக்காது. நோட்டுல எழுதுனாத்தான் சயின்ஸ்னு வச்சா அவங்களும் வெளிய போயிருவாங்க. போன்ல பேசிப் பதிவு பண்ணட்டும், "இன்னைக்கு வேர் என் சுண்டு விரல் நகத்தளவு வந்துருச்சு"ன்னு.

பாட்டனி_வாத்தி:
காலேஜ்ல தாவரவியல் எடுக்குறவன், சின்னப் பிள்ளைங்க அனுபவம் கம்மி, ஆனா மேடம் சொன்ன "எதுல தெரியுது"ங்கிற கேள்விக்கு என்னால கொஞ்சம் சாமான் குடுக்க முடியும்.

செடிக்கு வெளிச்சம் வேணும்னு காட்டுறதுக்கு பச்சை, மஞ்சள் கலர காட்டுவோம், அது கண்ணு சம்பந்தப்பட்டது. ஆனா எங்க ராமநாதபுரம் பக்கம் முளைப்பாரி போடுறதப் பாத்திருப்பீங்க. இருட்டு ரூமுக்குள்ள வச்சு வளப்பாங்க, பயிர் வெளுத்த மஞ்சளா, சன்னமா, நெட்டுக்கு வளந்து நிக்கும். இருட்டுல பச்சையம் உண்டாகாது, விதையில இருக்குற சத்து முழுக்க தண்ட நீட்டுறதுக்கே செலவாகும், எங்கயாவது வெளிச்சம் கிடைக்காதான்னு தேடுற வேலை அது. இதையே ரெண்டு டப்பாவுல பண்ணுங்க. ஒரே பாசிப்பயறு, ஒரே நாள், ஒரே அளவு தண்ணி, ஒண்ணு ஜன்னல்ல, ஒண்ணு அட்டைப்பெட்டி போட்டு மூடி. ஒரு வாரத்துல கண்ண மூடிக்கிட்டு உள்ளங்கையால மேல தடவுனா போதும். வெளிச்சத்துல வளந்தது குட்டையா விறைப்பா குத்தும், இலை விரிஞ்சிருக்கும். இருட்டுல வளந்தது நெட்டையா தொளதொளன்னு சாயும், இலை விரியாம சின்னதா இருக்கும். பார்வை இல்லாத பையன்தான் வகுப்புக்கே இத சொல்லுவான் பாருங்க. கோயில் கொடைக்கு பாரி போட்ட வீட்டுப் பிள்ளைங்களுக்கு பாதி பாடம் ஏற்கனவே தெரிஞ்சிருக்கும்.

இலை நரம்பு பாடத்துக்கும் ஒண்ணு. படத்துல இணைப்போக்கு, வலைப்பின்னல்னு காட்டுறதுக்குப் பதிலா கிழிக்க விடுங்க. வாழை இலைய கிழிச்சா நரம்பு போற வாக்குல நேர்கோடா சர்ருன்னு போகும். அரச இலைய கிழிச்சா கோணல்மாணலா போகும், பெரிய நரம்பு வந்த இடத்துல மாட்டி நிக்கும். கையில படுது, காதுலயும் கேக்குது. வாழை இலை லேசா கிழியும்ங்கிறதால கையில வலு கம்மியான பிள்ளைக்கும் சரி வரும், ஒரு ஓரத்துல மட்டும் நீங்க லேசா கீறி விட்டுருங்க.

கீரைப்பாத்தி:
வாத்தியார் சார் இதையெல்லாம் இவ்ளோ நாள் எங்க வச்சிருந்தீங்க! கிழிக்கிறதுன்னா என் கிளாஸ்ல கடைசி பெஞ்சும் முன்னாடி வந்துரும்.

குட்டிப்பையன்_அம்மா:
நான் டீச்சர் இல்ல, ஆட்டிசம் இருக்குற ஏழு வயசுப் பையனோட அம்மா. அந்த ஈரம் தொடாத பையனப் பத்தி சொல்லணும்னு தோணுச்சு. "தொட்டாத்தான் பழகும், கொஞ்ச நேரம் அழுவான் அப்புறம் சரியாயிடுவான்"னு சொல்லி கைய புடிச்சு மண்ணுக்குள்ள விடாதீங்க ப்ளீஸ். நமக்கு அது ஈர மண்ணு, அவங்களுக்கு அது தாங்கவே முடியாத ஒண்ணு, அடம் இல்ல. ஒரு தடவ அப்படிப் பண்ணிட்டா அப்புறம் செடி இருக்குற பக்கமே வர மாட்டாங்க.

எங்க வீட்டுல காஞ்ச சாமான்ல இருந்து ஆரம்பிச்சோம். கேழ்வரகு, அரிசி, கொள்ளு இதெல்லாம் தட்டுல கொட்டி கரண்டியால அள்ளி அள்ளிக் கொட்டுறது, அது அவனுக்கு ரொம்பப் பிடிக்கும். விதைய வகை பிரிச்சு அடுக்குறதுன்னா நாள் பூரா பண்ணுவான், உங்க பையனும் அப்படி இருந்தா விதை பிரிக்கிற வேலைய முழுசா அவன்கிட்ட குடுங்க, மத்த பிள்ளைங்கள விட சுத்தமா பண்ணுவான். முளைக்க வைக்கிறதுக்கு ஜிப் கவர். ஈரத் துணியும் பயறும் உள்ள, அவன் விரல் வெளிய. கவருக்கு மேலயே அமுக்கிப் பாத்துக்கலாம், வேரும் தெரியும். தண்ணி தெளிக்க ஸ்ப்ரே பாட்டில், சலூன்ல வச்சிருப்பாங்களே அந்த மாதிரி.

முன்னாடியே படம் போட்டுக் காட்டிருங்க, முதல்ல விதை எடுக்குறோம், அப்புறம் கவர்ல போடுறோம், அப்புறம் கை கழுவுறோம், அப்புறம் ஊஞ்சல். முடிவு எங்கன்னு தெரிஞ்சா பாதி பயம் போயிரும். கை கழுவ தண்ணியும் காஞ்ச துண்டும் அவன் கண்ணு படுற இடத்துல இருக்கணும்.

நாப்பது_பிள்ளைங்க:
அம்மா நீங்க சொல்றது வீட்டுக்கு ஓகே. ஆனா தொடாமயே விட்டா தொடவே மாட்டான்ல? ஒரு நாள் தொடத்தான வேணும்.

குட்டிப்பையன்_அம்மா:
ஏன் சார் தொடணும்? உங்க பாடம் விதை எப்படி முளைக்குதுன்னா இல்ல மண்ண எப்படித் தொடுறதுன்னா? கவர் வழியா பாத்தே அவன் வேர் முதல்ல வரும் தண்டு அப்புறம் வரும்னு சொல்லிட்டான்னா உங்க பாடம் முடிஞ்சுது. தொடுறது தெரபி, அது வேற ஆளு வேற நேரத்துல பாக்குற வேலை.

சிறப்பாசிரியர்_தெக்கு:
அம்மா சொன்னதுக்கு நூறு லைக். வாசனைக்கும் இதே கதைதான், ஓமவல்லி இலைய கசக்கி நேரா மூக்குக்கிட்ட நீட்டாதீங்க, சில பிள்ளைங்களுக்கு வாந்தியே வந்துரும். டப்பாவுல போட்டு மூடியில ஓட்டை போட்டு மேசையில வச்சிருங்க, வேணும்னா அவங்களே எடுத்து மோந்து பாக்கட்டும்.

மாடித்தோட்டம்_திருச்சி:
நான் மாடித்தோட்டக்காரன், எங்க தெருவுல இருக்குற சிறப்புப் பள்ளிக்கு தோட்டம் போட்டுக் குடுத்தோம், அந்த அனுபவத்துல வீல் சேர் பொண்ணுக்கு சொல்றேன். தரையில பாத்தி வேணவே வேணாம். உடைஞ்ச பெஞ்சோ பழைய டேபிளோ இருந்தா அதுமேல குரோ பேக் (செடி வளக்குற பை) வைங்க, முட்டி இடிக்காம வீல் சேர் உள்ள போற உயரம் இருக்கணும், மேசைக்குக் கீழ சுமார் 70 செ.மீ. காலியா இருந்தா போதும். குரோ பேக் ஆழமா வேணாம், கை எட்டாது, கீரைக்கு ஒரு சாண் மண்ணு தாராளம். மண்ணுக்குப் பதில் கோகோபீட் (தேங்காய் நார்த்தூள், கட்டியா விப்பாங்க) கலந்தா வெயிட்டு இருக்காது. அந்தக் கட்டிய பக்கெட்ல போட்டு தண்ணி ஊத்தி ஊதுறதப் பாக்குறதே பிள்ளைங்களுக்கு தனி கொண்டாட்டம்.

விதை போட பிளம்பர் கடையில மிச்சம் கிடக்குற முக்கால் இஞ்சு பிவிசி பைப்பு வாங்கிக்கோங்க, ஓசியிலயே தருவாங்க. பைப்போட ஒரு முனை மண்ணுல, மறு முனை பொண்ணு மடியில. மேல விதைய விட்டா கடகடன்னு உருண்டு போய் குழியில விழும், சத்தம் நல்லா கேக்கும். விதைய விரலால கிள்ளி எடுக்க வரலன்னா பெரிய விதையா போங்க, மொச்சை, பூசணி, இல்ல கரண்டியில வச்சு சாய்க்கலாம். கரண்டிப் புடியில பழைய சைக்கிள் ட்யூப சுத்திட்டா தடிமனாயிரும், வழுக்காது. டப்பா நகராம இருக்க அடியில ஈரத்துண்டு விரிங்க. தண்ணி ஊத்த பூவாளி கனக்கும், அதுக்குப் பதில் ஸ்பாஞ்ச பிழியச் சொல்லுங்க, ஒரு கை போதும்.

சிறப்பாசிரியர்_தெக்கு:
அண்ணன் சொன்னதோட ஒண்ணு சேத்துக்குறேன். பிள்ளைங்க பாசமா ஓடி வந்து "நான் செஞ்சு தரேன்"னு அவ கையில இருந்து பைப்ப வாங்கிருவாங்க. நல்ல மனசுதான், ஆனா அவளுக்கு வேலை போச்சு. "கேட்டாத்தான் உதவணும்"னு வகுப்புல பொதுவா ஒரு விதி போட்டுருங்க, எல்லாருக்கும். அவளுக்கு ஒரு விதை போட நேரம் ஆகும். ஆகட்டும், அவளுக்கு அஞ்சு விதை, மத்தவங்களுக்கு பத்து, அதுல என்ன வந்துருச்சு.

செவித்திறன்_மிஸ்:
இங்க காது கேக்காத பிள்ளைங்களப் பத்தி யாரும் பேசலயேன்னு வந்தேன். எங்க வகுப்புல சாமான் மாத்த வேண்டிய தேவையே வராது, மாத்த வேண்டியது டீச்சரத்தான். செடிய காட்டிக்கிட்டே விளக்கம் சொல்லுவோம் பாருங்க, அது எங்க பிள்ளைங்களுக்கு ஆகாது. அவங்க செடியப் பாத்தா உங்க கையும் உதடும் தெரியாது, உங்களப் பாத்தா செடி தெரியாது. சைகையில சொல்லிட்டு நிறுத்தணும், அப்புறம் காட்டணும், பாத்து முடிச்சு அவங்களா தலைய தூக்கினதுக்கு அப்புறம் அடுத்தத சொல்லணும். ஜன்னலுக்கு முதுகு காட்டி நிக்காதீங்க, முகம் இருட்டாயிரும். இப்படி நிதானமா போறது காது கேக்குற பிள்ளைங்களுக்கும் நல்லதுன்னு எங்க ஸ்கூலுக்கு வந்து போற டீச்சருங்களே சொல்றாங்க.

சிவப்பு இங்க் சோதனை பத்தியும் ஒண்ணு, காசித்தும்பைத் தண்ட சிவப்பு இங்க் தண்ணியில வச்சு நீர் ஏறுறத காட்டுவாங்கள்ல, சிவப்பு பச்சை பிரிச்சுத் தெரியாத பசங்களுக்கு (பையன்களுக்குத்தான் இது அதிகம்) பச்சைத் தண்டுல சிவப்புக் கோடு சரியா தெரியாது. வெள்ளைச் சாமந்தியோ சம்பங்கியோ எடுத்து நீல இங்க்ல வைங்க.

பாட்டனி_வாத்தி:
நல்ல பாயிண்ட் மிஸ். பார்வை இல்லாத பையனுக்கு அதே நீர்க்கடத்தல் பாடம் வேணும்னா தொட்டியில இருக்குற காசித்தும்பைக்கு தண்ணி விடாம வாட விடுங்க. தொட்டா துவண்டு தொங்கும். காலையில வாடுனத தொட்டுப் பாத்துட்டு அவனே தண்ணி ஊத்தட்டும், மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் திரும்பத் தொட்டுப் பாத்தா தண்டு விறைச்சு நிக்கும். செல்லுக்குள்ள தண்ணி ஏறி அழுத்தம் குடுக்குறதாலதான் அப்படி நிக்குது. நிறமே தேவையில்ல. ரொம்ப வாட விட்டு கொன்னுறாதீங்க.

காதுக்கு வேணும்னா வெடிக்காய். ஊதாப்பூ பூத்து வேலி ஓரம் கிடக்கும், பட்டாசுக்காய்னும் சொல்லுவாங்க, சின்ன வயசுல எச்சில் தொட்டு வெடிக்க விட்டிருப்போம். காஞ்ச காய தண்ணியில போட்டா கொஞ்ச நேரத்துல படீர்னு பிளந்து விதை தெறிக்கும். விதை பரவுறதுன்னு படம் வரைஞ்சு காட்டுறத விட இது நேரா போய்ச் சேரும். மூடி போட்ட டப்பாவுக்குள்ள பண்ணுங்க, கண்ணுல தெறிக்கக் கூடாது. காசித்தும்பை காய் தண்ணி இல்லாமயே வெடிக்கும், முத்துன பச்சைக் காய கையில வச்சு மூடி லேசா அமுக்குனாலே கைக்குள்ள சுருண்டுக்கும், புழு நெளியுற மாதிரி இருக்கும்.

குட்டிப்பையன்_அம்மா:
சத்தம் தாங்காத பிள்ளைங்களுக்கு முன்னாடியே சொல்லிட்டுப் பண்ணுங்க. தூரமா நின்னு பாக்கவும் இடம் இருக்கட்டும்.

குழந்தைநல_நர்ஸ்:
இவ்ளோ பேசிட்டு சேஃப்டி பத்தி யாருமே வாய் திறக்கல 😅 விதைய வாயில போடுற பிள்ளைங்க இருப்பாங்க, அறிவுசார் குறைபாடு இருக்குறவங்கள்ல எட்டு ஒம்போது வயசுலயும் இருப்பாங்க. அதனால விதைய உரக்கடையில வாங்காதீங்க, நடுறதுக்குன்னு விக்கிற விதையில பூச்சி, பூஞ்சாண மருந்து கலந்திருக்கும், ரோஸ் கலர்ல நீல கலர்ல இருக்குமே அதேதான். மளிகைக் கடைப் பயறு, கடலையே நல்லா முளைக்கும். மூக்குல காதுல பயறு போட்டுக்கிட்டா தண்ணி ஊத்தி எடுக்கப் பாக்காதீங்க, ஊறி உப்பிக்கும், அப்புறம் எடுக்குறது பெரும்பாடு. நேரா ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டுப் போயிருங்க.

தொட்டுப் பாக்குற தோட்டம்னு ஆர்வத்துல கையில கிடைச்சதெல்லாம் வைக்காதீங்க. அரளி எல்லா ஸ்கூல்லயும் அழகுக்கு நிக்குது, இலை பூ எல்லாமே விஷம். எருக்கம்பால் கண்ணுல பட்டா கண்ணுக்கே ஆபத்து. குன்றிமணி, ஆமணக்கு விதை, காட்டாமணக்கு காய் மூணும் பாக்க அழகா விளையாட்டு சாமான் மாதிரி இருக்கும், கிட்டயே சேக்காதீங்க. ஓமவல்லி, துளசி, புதினா, கறிவேப்பிலை, தண்டுக்கீரை, இதுக்குள்ள இருங்க. தொட்டாச்சிணுங்கி எல்லாரும் ஆசைப்படுவாங்க, முள்ளு இருக்கு, பாத்துக்கோங்க.

கீரைப்பாத்தி:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. வேட்டித்துணி, கயிறு அட்டை, பைப்பு மூணும் ஆரம்பிச்சாச்சு. கயிறு அட்டைக்கு இப்ப சண்டையே நடக்குது, யாரு இன்னைக்கு கத்தரிக்கிறதுன்னு. பார்வை இல்லாத பையன் மொச்சையத் தடவிட்டு "மிஸ் இதுக்கு வாலு முளைக்குது"ன்னான், அதுல இருந்து வேருக்கு வகுப்பு பூரா வாலுன்னுதான் பேரு. பொண்ணு பைப்புல விதை போடுறா, ஆனா வலது பக்கம் மட்டும்தான் கை போகுது, பெஞ்ச திருப்பிப் போட்டிருக்கேன், இன்னும் சரியா அமையல. ஆட்டிசம் பையன் ஜிப் கவர தொடவே இல்ல, தூரத்துல இருந்து பாக்குறான், ஆனா கொள்ளு, கேழ்வரகு, தட்டைப்பயறு மூணையும் கலந்து குடுத்தா பிரிச்சு வச்சிர்றான். அவசரப்படுத்தல.

ரெண்டு சந்தேகம். துணியில ரெண்டாம் நாளே நாத்தம் வருது, வெள்ளையா நூல் மாதிரி படருது. அப்புறம் சனி ஞாயிறு யாரு தண்ணி ஊத்துறது?

மாடித்தோட்டம்_திருச்சி:
வெள்ளை நூல் பூஞ்சாணம் டீச்சர். துணி சொட்டச் சொட்ட இருக்கு, அதான். நல்லா பிழிஞ்சிட்டு ஈரப்பதமா மட்டும் வைங்க, காலையிலயும் சாயங்காலமும் பயற அலசி வேற துணியில மாத்துங்க, உடைஞ்ச பயற பொறுக்கிப் போட்டுருங்க, அதுலதான் முதல்ல அழுகல் ஆரம்பிக்கும். பூஞ்சாணம் வந்தத பிள்ளைங்க கையில குடுக்காதீங்க, மூச்சுத்திணறல் இருக்குற பிள்ளைங்களுக்கு ஆகாது. லீவு நாளைக்கு தொட்டிக்கு திரி போடுங்க, பருத்தித் துணிய முறுக்கி ஒரு முனை மண்ணுக்குள்ள, மறு முனை தண்ணி பாட்டிலுக்குள்ள, திங்கக்கிழமை வரைக்கும் தாங்கும்.

நாப்பது_பிள்ளைங்க:
டீச்சர் அந்த வாழை இலை கிழிக்கிறத நான் இன்னைக்கு பண்ணேன். ஒத்துக்குறேன், நேரம் ஒண்ணும் கூடல, எப்பவும் படம் வரையச் சொல்லி சத்தம் அடக்குற நேரம்தான் ஆச்சு. தனித்தனியா நாலு பாடம் நடத்துறதுன்னா இப்பவும் நான் எதிர்ப்புதான், ஆனா இது அது இல்ல. வெடிக்காய் எங்க தேடுறது? எங்க ஏரியா பூரா சிமெண்ட் தரை.

பாட்டனி_வாத்தி:
சார் மழை முடிஞ்ச சமயத்துல காலி மனை, ரயில்வே லைன் ஓரம் பாருங்க, பழுப்பா காஞ்ச காயா பறிச்சு டப்பாவுல போட்டு வச்சா ஈரம் படாத வரைக்கும் அப்படியே இருக்கும். கிடைக்கலன்னா கனகாம்பரம் இருக்குற வீட்டுல கேளுங்க, பூ உதிர்ந்து காஞ்ச கதிர எடுத்து தண்ணி தெளிச்சா அதுவும் வெடிக்கும், ரெண்டும் ஒரே குடும்பம்தான். சத்தம் கொஞ்சம் கம்மி, அந்த அம்மா சொன்ன மாதிரி பிள்ளைங்களுக்கு அதுதான் தோது.